அந்த ஒரு 'ர்'

தமிழ்ச் சமூகத்தில் யாரும் எங்களைப் பார்த்து "உங்களை எப்படிக் குறிப்பிடட்டும்?" என்று கேட்டதில்லை. கேட்கத் தேவையே இல்லாதபடி சாதி அதை முன்னமே முடிவு செய்து வைத்திருந்தது. பிறந்த தெருவைச் சொன்னால் போதும். எட்டு வயசுப் பண்ணையார் மகன் அறுபது வயசு சேரிக் கிழவரை 'நீ' என்பான். கிழவர் அந்தப் பொடியனை 'நீங்க' என்பார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதற்குப் பாடம் கிடையாது, எல்லாருக்கும் மனப்பாடம். ஆகவே, வகுப்பறையில் மாணவர்களிடம் "உங்களை அவன் என்று சொல்லவா, அவள் என்று சொல்லவா, அவர் என்று சொல்லவா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பேச்சு வரும்போது, அது ஏதோ அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த புது மோஸ்தர் என்று சிரிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அங்கே நடப்பது இதுதான். முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் தன் பெயரைச் சொல்லி, தன்னை 'ஹீ' என்று குறிப்பிட வேண்டுமா, 'ஷீ' என்றா, 'தே' என்றா என்பதையும் சொல்லி, மாணவர்களையும் சொல்லச் சொல்கிறார். ஆளைப் பார்த்தே ஆண், பெண் என்று முடிவு கட்டாதே என்பது அதன் சாரம். அங்கேயும் இதற்கு எதிர்ப்பு உண்டு. ஃபுளோரிடா மாகாணத்தில் பள்ளி ஊழியர்கள் மாணவரிடம் இப்படிக் கேட்கவே கூடாது என்று 2023-ல் சட்டம் போட்டார்கள். ஒரு சின்னச் சொல்லைப் பார்த்து ஒரு அரசாங்கம் இந்த அளவுக்குப் பயப்படுகிறது என்றால், அந்தச் சொல்லுக்குள் அதிகாரம் குடியிருக்கிறது என்றுதானே பொருள்? எங்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

நான் தமிழ் நடத்துகிற கல்லூரியில் (பெயர் வேண்டாம், எல்லாக் கல்லூரியும் அப்படித்தான்) ஒரு மாணவி இருக்கிறாள். பதிவேட்டில் ஆண் பெயர். முதல் பருவத்திலேயே என்னிடம் வந்து, "என்னை அவன்னு சொல்லாதீங்க சார்" என்றாள். இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது மூத்தவர் ஒருவர், "இது தமிழ்ப் பண்பாடே கிடையாது வே. நாளைக்கு ஒருத்தன் வந்து என்னை ஆட்டுக்குட்டின்னு கூப்பிடும்பான். கூப்பிடுவீரோ?" என்றார். அறை சிரித்தது. அதே வாயால் அடுத்த நிமிஷம், தேநீர் கொண்டு வந்த அறுபது வயசு அம்மாவை, "ஏட்டி, கிளாஸைக் கழுவினியா?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்கு எந்தச் சொல் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. அவருக்கு அது தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னை 'நீங்க' என்றவர், என் வீடு எந்தப் பக்கம் என்று தெரிந்த வாரத்தில் 'நீரு'க்கு இறங்கினார். நாஞ்சில் நாட்டில் 'நீரு' நட்புக்கும் வரும், இறக்குவதற்கும் வரும். எது எந்த 'நீரு' என்று வாங்குகிறவனுக்குத் தெரியும்.

ஆங்கிலத்தில் ஹீ, ஷீ என்பதில் ஆண் பெண் தெரியும். மேல் கீழ் தெரியாது. கவர்னரும் ஹீ, கக்கூஸ் கழுவுகிறவரும் ஹீ. தமிழ் இந்த இடத்தில் வேறு மாதிரி வேலை செய்கிறது. அவன், அவள் என்று இறக்கிப் பேசும்போதுதான் பால் தெரிகிறது. 'அவர்' என்று ஏற்றிவிட்டால் ஆணா பெண்ணா என்பது மறைந்துபோகிறது. 'ஆட்சியர் வந்தார், கையெழுத்துப் போட்டார், போனார்' என்றால் அந்த ஆட்சியர் ஆணா பெண்ணா என்று வாக்கியம் சொல்லாது, கேட்கிறவரும் கவலைப்படமாட்டார். பேச்சில் 'அவரு' ஆணுக்கும் 'அவங்க' பெண்ணுக்கும் என்று கொஞ்சம் ஒதுங்கிவிட்டது உண்மைதான். ஆனாலும் 'அவங்க' யாருக்கும் வரும். ஆக, நம் மொழியில் மரியாதைக்கு உரியவர்களிடம் ஆணா பெண்ணா என்று யாரும் விசாரிப்பதில்லை. மரியாதை மறுக்கப்பட்டவர்களிடம்தான் அந்த விசாரணை. ஆண் பெண் பற்றிய கேள்வி என்று வந்து நிற்பது, இந்த மண்ணில் முதலில் மரியாதை பற்றிய கேள்வி. மரியாதை என்றாலே இங்கே சாதி.

கோட்டாறு சந்தையில் என் அப்பா சுமடு தூக்கினார். அரிசி மூட்டை, புளி மூட்டை, கருப்பட்டிச் சிப்பம். அந்தச் சந்தையில் அவருக்குப் பெயர் இருந்ததாக எனக்கு நினைவில்லை. 'எலே', 'லே', ரொம்பப் பிரியமாக இருந்தால் 'மக்கா'. கடைக்காரரின் மகன், என் வயசுக்காரன், என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன், என் கண்முன்னாலேயே "நீ இந்த மூட்டைய அங்க வையி" என்று என் அப்பாவிடம் சொல்வான். அப்பா "வச்சிருதேன் மொதலாளி" என்பார். அவனுக்குப் பன்னிரண்டு வயசு. தோள்சீலைக்காக இந்த மண்ணில் அரை நூற்றாண்டு போராடி 1859-ல் உரிமை வாங்கியவர்களின் வழிவந்தவர்களும் அந்தச் சந்தையில் கடை வைத்திருந்தார்கள், அவர்களும் 'எலே' என்றார்கள் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். உடுப்புக்காக நடந்த கலகம் வரலாற்றில் ஏறிவிட்டது. நாக்குக்காக நடந்த கலகத்தை யாரும் எழுதவில்லை.

நாக்குக்கு என்ன கலகம் என்று கேட்பவர்கள் திருவிதாங்கூரின் பழைய கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். 1956-ல் தமிழ்நாட்டோடு சேரும்வரை கோட்டாறு அந்தப் பக்கத்து மண். லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேற்றீர் 1871-ல் அச்சிட்ட புத்தகத்தில், மேல்சாதிக்காரன் முன்னால் ஒரு புலையர் எப்படிப் பேச வேண்டும் என்பதைப் பதிவு செய்திருக்கிறார். 'நான்' என்று சொல்லக்கூடாது, 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும். தான் தின்கிற சோற்றைச் சோறு என்று சொல்லக்கூடாது, அழுக்குக் கஞ்சி என்கிற பொருளில் வேறு சொல் உண்டு. பெற்ற பிள்ளைகளைக் குரங்கு என்றோ கன்று என்றோ சொல்ல வேண்டும். பேசும்போது வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும், மூச்சுக் காற்றும் தீட்டு. இலக்கணத்தில் தன்மை இடம் என்று ஒன்று உண்டே, 'நான்', அதையே பிடுங்கிவிட்டார்கள். பிறன் என்ன சொல்லி அழைக்கிறான் என்பது அப்புறம். தன்னைத் தான் சொல்லிக்கொள்ளவே சொல் இல்லை.

1855-ல் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்ததாக அறிவிப்பு வந்தது. அடிமை ஒழிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும், என் பாட்டா பெரிய வீட்டு நடையில் நின்று 'நான்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. "இங்கன வந்து நிக்கி" என்பார். யாரோ மூன்றாவது ஆளைப் பற்றி, மாட்டைப் பற்றிச் சொல்வது போல. அஃறிணை வினைமுற்று. வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சண்டை போடும்போது மட்டும் "நான் சொன்னேம்லா" என்று 'நான்' வெடித்துக்கொண்டு வரும்.

இந்த அஃறிணையை இன்றும் யார் யாருக்கு வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். "அதுகளுக்கு இடம் கொடுத்தா தலைக்கு மேல ஏறும்" என்றால் அது எங்கள் தெரு. ரயிலில் கைதட்டிக்கொண்டு வருகிற திருநங்கையைப் பார்த்து "அது வருது, காசை எடுத்து உள்ள வை" என்றால் அது அவர்கள். ஒரே 'அது'. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே திண்ணையிலிருந்து எறியப்பட்ட சொல். நம் தோழர்களுக்கு இது தெரியாமல் போனால் வேறு யாருக்குத் தெரியப் போகிறது?

'தமிழ்ப் பண்பாடு' என்று பேசிய அந்தப் புலவருக்கு நன்னூல் தெரியும், தெரியாமல் தமிழ் வாத்தியார் ஆகியிருக்க முடியாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி, பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவர் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவர் பெண்பால் என்று சூத்திரம் போட்டு வைத்திருக்கிறார். பிறப்பைக் கேட்கவில்லை, விரும்புவது எது என்று பார்த்து விகுதியைக் கொடுக்கிறார். பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அதே சூத்திரத்தின் கடைசியில், இந்த இரு சாராரும் அஃறிணை போலவும் வருவார்கள் என்று ஒரு வாலையும் ஒட்டியிருக்கிறார். இலக்கணமும் திண்ணையில் உட்கார்ந்து எழுதியதுதான். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: 'தமிழில் இதெல்லாம் கிடையாது' என்பது பொய். கொடுக்கவும் தெரிந்திருக்கிறது, கொடுத்ததைப் பிடுங்கவும் தெரிந்திருக்கிறது.

இனி அந்த 'ர்' விஷயம். பட்டியல் சாதிகளின் அரசு அட்டவணையில் தமிழ்நாட்டுப் பகுதியை எடுத்துப் பாருங்கள். பறையன், பள்ளன், சக்கிலியன், வள்ளுவன், குறவன், புலையன். மற்றவர்களெல்லாம் ஊரில் 'ர்' போட்டுக்கொண்டு, வாலும் வைத்துக்கொண்டு திரிகிறபோது எங்களுக்கு அரசாங்க முத்திரையோடு 'ன்'. என் மகளின் சாதிச் சான்றிதழிலும் 'ன்'தான். பெண்பிள்ளைக்கு ஆண்பால் ஒருமை விகுதி! இதில் பால் குழம்பிப் போச்சே, பண்பாடு கெட்டுப் போச்சே என்று ஒருத்தரும் பதறவில்லை. 2025-ல் தமிழ்நாட்டு அரசு, இந்த 'ன்'னையெல்லாம் 'ர்' ஆக்கித் தர வேண்டும் என்று ஒன்றிய அரசைக் கேட்டது. அதே வருஷம் ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுக்கப் போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். சொல்லை மாற்றினால் சோறு வருமா என்று கேட்டவர்கள் உண்டு. வராது. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டபோதும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள். சோறு கேட்கிற இடத்தில் எந்தக் குரலில் கேட்பது என்பதைச் சொல்தான் தீர்மானிக்கிறது, பாட்டாவைப் போல வாய் பொத்தியா, நிமிர்ந்தா என்று.

கோட்டாறு சவேரியார் கோவிலுக்குள் தேவசகாயத்தின் கல்லறை இருக்கிறது. 1752-ல் ஆரல்வாய்மொழி பக்கம் கொல்லப்பட்டவர். இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக 'தேவசகாயம் பிள்ளை' என்றே வழங்கிய பெயரை, 2022 மே 15-ல் ரோமில் புனிதராக அறிவித்தபோது 'பிள்ளை'யை எடுத்துவிட்டு வெறும் 'தேவசகாயம்' என்று அறிவித்தார்கள். செத்து இத்தனை காலமான ஒருவரின் பெயரிலிருந்து சாதியை எடுக்க வத்திக்கானால் முடிகிறது. உயிரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒரு 'ன்'னை எடுக்க எங்கள் கல்லூரிகளால் முடியாதாம். விதி இல்லையாம்.

விதி இருக்கிறது. 2014-ல் உச்சநீதிமன்றம், ஆணா பெண்ணா திருநரா என்று தீர்மானிக்கிற உரிமை அவரவருக்கே என்று சொல்லிவிட்டது. 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவில் கல்வி நிலையங்களுக்கென்றே தனியாகச் சொல்லியிருக்கிறார்: கல்விப் பதிவுகளில் பெயரையும் பாலினத்தையும் மாற்ற வசதி, விண்ணப்பத்தில் தனிக் கட்டம், பொதுக் கழிப்பறை, ஆலோசகர். அந்த நீதிபதி, இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு தீர்ப்பு எழுதினார். எங்கள் ஆசிரியர் அறையில் அவ்வளவு அடக்கம் யாரிடமும் இல்லை. 2022-ல் திருநங்கை, திருநம்பி முதலிய சொற்களின் பட்டியலைத் தமிழ்நாட்டு அரசிதழிலேயே வெளியிட்டார்கள். சொல்லும் இருக்கிறது, உத்தரவும் இருக்கிறது. வாய்தான் வரவில்லை.

இன்னொரு பக்கம் 'முற்போக்கு'கள். சென்னையிலிருந்து வந்து ஒரு நாள் பயிலரங்கு நடத்திய குழு ஒன்று எல்லார் சட்டையிலும் அட்டை குத்தியது. பெயர், அடியில் ஆங்கிலத்தில் ஷீ, ஹீ, தே. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து வரிசையாகச் சொல்ல வேண்டும். மத்தியானம் இலை எடுக்க வந்த பெண்ணுக்கு அட்டை இல்லை. "அவள வரச் சொல்லுங்க" என்றார்கள். அந்தச் சென்னைக்காரர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் மரியாதை படித்துவிட்டு, தமிழில் சாதி பேசுகிறார்கள். தங்கள் நாக்கில் இரண்டு மொழி இருப்பது அவர்களுக்கே தெரியவில்லை.

அந்த வட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்கத் தோழர்கள் சிலர் இதை அப்படியே வகுப்பறைக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறார்கள். நான் எதிர்க்கிறேன். நான் படித்த பள்ளியில் வருஷா வருஷம் ஒரு நாள், உதவித்தொகை படிவம் வந்ததும், ஆசிரியர் "எஸ்.சி. பிள்ளைகள் எல்லாம் எழும்பி நில்லுங்க" என்பார். எழும்பி நிற்போம். ஐம்பது பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று சாயங்காலத்திலிருந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் வேறு கணக்கு. அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார், காசு வாங்கித் தரத்தான் செய்தார். எழும்பி நில் என்று சொல்லி உண்மையைக் கேட்கிற எந்த வட்டத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டுக்குத் தெரியாமல், கூட்டாளிக்குத் தெரியாமல், தனக்கே இன்னும் முழுசாகத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் ஐம்பது பேர் நடுவில் "நீ அவனா அவளா சொல்லு" என்றால் அது என்ன செய்யும்? பொய் சொல்லும், அல்லது மாட்டிக்கொள்ளும்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவரையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த பையன்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது, ஆசிரியர் நேராகவோ சாடையாகவோ சாதியைச் சொல்லி மாணவரை அழைக்கக்கூடாது, உதவித்தொகை விஷயத்தை மாணவரைத் தனியே கூப்பிட்டு ரகசியமாகப் பேச வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இந்த வழிதான் இதற்கும். முதல் நாள் எல்லாருக்கும் ஒரு துண்டுத் தாள். உன்னை வகுப்பில் எந்தப் பெயரால் கூப்பிட வேண்டும், எப்படிக் குறிப்பிட வேண்டும், வீட்டுக்குப் போன் செய்ய நேர்ந்தால் எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். எழுதலாம், எழுதாமல் மடித்தும் கொடுக்கலாம், அடுத்த மாதம் மாற்றியும் எழுதலாம். கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். பிள்ளையை வகுப்பில் 'அவள்' என்று சொன்ன ஆசிரியர் வீட்டுக்குப் போன் போட்டு அதையே சொன்னால் அன்று ராத்திரி அடி விழும்.

அதற்கு முன்னால், கேட்காமலே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எல்லா மாணவருக்கும் 'நீங்க'. நான் பத்து வருஷமாக அப்படித்தான் பேசுகிறேன். "பிள்ளைகளைப் போய் நீங்கன்னு சொன்னா ஒட்டுதல் வராது சார்" என்கிறார்கள். ஆதிக்கசாதி வீட்டுப் பிள்ளையை 'தம்பி, வாங்க' என்கிறபோது ஒட்டுதல் கெடவில்லையே. எல்லாரையும் 'நீ' என்று சமமாக இறக்கலாமே என்றும் ஒரு தோழர் கேட்டார். ஸ்வீடனில் 1960களின் கடைசியில் அப்படித்தான் செய்தார்கள், எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'. இங்கே அதைச் செய்தால் மேலே இருப்பவனுக்குப் பழையபடி 'நீங்க' போய்ச் சேர்ந்துவிடும், கீழே இருப்பவன் 'நீ'யிலேயே கிடப்பான். நாங்கள் இறங்கி முடித்தவர்கள். ஏறித்தான் சமமாக வேண்டும்.

ஆனால் 'ர்' மட்டும் போதுமா? போதாது என்று அந்த மாணவிதான் எனக்குச் சொன்னாள். 'அவர்' என்று சொன்னால் வம்பில்லையே என்று நான் கேட்டபோது, "அவர்னு சொன்னா நீங்க தப்பிச்சுக்கிடுவீங்க சார். எனக்கு அந்த 'ள்' வேணும்" என்றாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் அவளை முதல் தடவை "ஏட்டி, வாறியா?" என்று கூப்பிட்ட நாளைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். தேநீர் கொண்டு வந்த அம்மாவை அறைந்த அதே 'ஏட்டி' இவளுக்கு மாலை. எந்தச் சொல் மரியாதை என்பதை வாங்குகிறவர்தான் சொல்ல முடியும், ஆகவேதான் கேட்க வேண்டும் என்கிறேன். அவள் எந்தச் சாதி என்று இந்த இதழின் வாசகர்கள் கேட்கமாட்டீர்கள். கேட்டாலும் சொல்வதற்கில்லை.

கடைசியாக நம் ஆட்களிடம். 'நமக்கே ஆயிரம் பிரச்சினை, இது யாரோ மேல்தட்டு ஆட்களின் பிரச்சினை' என்று நம் கூட்டங்களிலும் பேசுகிறார்கள். மேடையில் எதிரியைத் திட்ட 'பொட்டை' என்கிறார்கள், கீழே கைதட்டுகிறார்கள். லிவிங் ஸ்மைல் வித்யா தலித். 2007-ல் வந்த அவருடைய தன்வரலாற்றின் தலைப்பே 'நான்' என்று தொடங்குகிறது. என் பாட்டா வாயில் வராத சொல். திருநர்மீதான வெறுப்பு பார்ப்பனியத்தின் ஒரு வடிவம் என்று சொன்னவர் அவர். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிக்குள் நுழைந்த முதல் திருநங்கை கிரேஸ் பானு, அவரும் தலித். திருநருக்குக் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்டு ஓயாமல் அலைகிறவர். இவர்கள் எந்த மேல்தட்டு? அவர்களை நம் மேடைக்குக் கூப்பிடுகிறோம், பொன்னாடை போடுகிறோம், இறங்கிப் போனதும் 'அது நல்லாப் பேசிச்சு' என்கிறோம். என் காதால் கேட்டிருக்கிறேன். நம்மை 'அதுக' என்று சொன்னவனின் நாக்கை நம் வாயில் வைத்துக்கொண்டு எந்த விடுதலையைப் பேசுவது?

நவம்பர் தேர்வு வருகிறது. தேர்வுக்கூடத்தில் வருகை எடுக்கிறவர் நுழைவுச் சீட்டில் உள்ள பழைய பெயரை உரக்கக் கூவுவார், அவள் எழும்பி நிற்க வேண்டும். பெயரைக் கூவாமல் பதிவெண்ணை மட்டும் கூப்பிடுங்கள் என்று அவளும் நானும் இன்னும் பதினொரு மாணவர்களும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம். அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, "முதல்ல அவன் அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, பாக்கலாம்" என்றார்கள். மனுவின் நகலில் வாங்கியதற்கான முத்திரை இருக்கிறது. தேதி போட்டுத்தான் வாங்கி வைத்திருக்கிறோம்.